காசோலை கைக்கு வந்த பிறகு

காசோலை என்பது ஒருவர் தம் வங்கிக்கு எழுத்தில் கொடுக்கும் உத்தரவு. 'இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடு' என்பதே அதன் சாரம். அந்த உத்தரவு தாள் வடிவில் கடைக்காரர் கையில் வந்து சேர்கிறது. பணம் பிறகுதான் வருகிறது. சரக்கு கடையை விட்டுப் போகும் நேரத்துக்கும் பணம் கணக்கில் ஏறும் நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியே வியாபாரிக்கு ஆபத்தான பகுதி. இந்த இடைவெளியைக் குறைக்கும் வேலையை வங்கித் தொழில்நுட்பம் செய்துவருகிறது. பணம் வராமல் காசோலை திரும்பினால் அதை வசூலிக்கும் வழியைச் சட்டம் தருகிறது. இரண்டின் பலனும் வியாபாரிக்குக் கிடைக்க வேண்டுமானால், காசோலையை வாங்கும்போதும் அது திரும்பிய பின்னரும் அவர் செய்யவேண்டிய வேலைகள் சில உண்டு. இந்தியாவில் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதைக் கடைக்காரரின் பக்கத்திலிருந்து பார்ப்பது பயனுள்ளது.

2016இல் யுபிஐ வந்த பிறகு சில்லறை விற்பனையின் பெரும்பகுதி க்யூஆர் அட்டைக்கு மாறிவிட்டது. ஆனாலும் ஜவுளி, நகை, இரும்பு, சிமெண்ட், மின்சாதனம், மருந்து போன்ற வியாபாரங்களில் காசோலை மறையவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே ஆளிடமிருந்து ஒரு நாளில் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. வியாபாரச் செலவுக்காக ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் பொதுவாக அதைச் செலவாகக் காட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காசோலையில் பின்தேதி போட்டுக் கொடுக்கலாம். மாதக் கணக்கில் சரக்கு எடுப்பவர் அடுத்த மாதத் தேதியிட்ட காசோலையைக் கொடுத்துவிட்டுப் போவது கடைத்தெருவில் அன்றாட வழக்கம்.

தாள் பயணம் செய்த காலம்

முன்பெல்லாம் காசோலை என்ற தாளே வங்கிக்கு வங்கி பயணம் செய்தது. ஒவ்வொரு ஊரிலும் வங்கிகளின் ஊழியர்கள் ஓரிடத்தில் கூடி, மற்ற வங்கிகளின் காசோலைகளைக் கைமாற்றிக்கொள்வார்கள். அதுவே கிளியரிங். வெளியூர் வங்கியின் காசோலை என்றால் அது தபாலில் அந்த ஊர்க் கிளைக்குப் போய், அங்கே கணக்கில் கழிக்கப்பட்டு, பணம் திரும்பி வரவேண்டும். மதுரைக் கடைக்காரர் மும்பைக் கிளையின் காசோலையை வாங்கினால், அது பாஸ் ஆனதா திரும்பியதா என்று தெரிவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். சரக்கு அதற்குள் விற்றே போயிருக்கும்.

1980களில் வந்த எம்ஐசிஆர் முறை முதல் பெரிய மாற்றம். காசோலையின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டையும் அதில் விநோத வடிவிலான எண்களும் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரும்பு ஆக்சைடு கலந்த காந்த மையில் அவை அச்சிடப்படுகின்றன. இடப்பக்கம் முதலில் வரும் ஆறு இலக்கம் காசோலை எண். அடுத்த ஒன்பது இலக்கம் கிளையின் அடையாளம்: முதல் மூன்று ஊரையும், நடு மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். ஊருக்கான எண் அஞ்சல் குறியீட்டின் தொடக்கத்தை ஒட்டியது. சென்னைக்கு 600, மதுரைக்கு 625, கோயம்புத்தூருக்கு 641. பாரத ஸ்டேட் வங்கிக்கு 002. அதன்பின் கணக்கைச் சார்ந்த ஆறு இலக்கமும், காசோலையின் வகையைச் சொல்லும் இரண்டு இலக்கமும் வருகின்றன. இந்த எண்களை இயந்திரம் படித்து, காசோலைகளை வங்கிவாரியாகப் பிரித்துக் கொடுத்தது. பிரிக்கும் வேலை வேகமானது. ஆனால் தாளின் பயணம் நிற்கவில்லை.

படம் போகிறது, தாள் நிற்கிறது

தாளின் பயணத்தை நிறுத்தியது சிடிஎஸ். காசோலையை அது வந்து சேர்ந்த வங்கியிலேயே நிறுத்திவிட்டு, அதன் படத்தையும் விவரத்தையும் மட்டும் கணினி வழியாகக் கொடுத்தவரின் வங்கிக்கு அனுப்பும் முறை இது. இதற்கு வழிவிடும் வகையில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டது. 'காசோலை' என்ற சொல்லின் பொருளிலேயே அதன் மின்னணுப் படமும் சேர்க்கப்பட்டது. ரிசர்வ் வங்கி 2008 பிப்ரவரி 1 அன்று புதுடெல்லியில் இதைத் தொடங்கியது. அடுத்த இடம் சென்னைக்குக் கிடைத்தது. 2011 செப்டம்பர் 24 அன்று இங்கே தொடங்கிய மையம், தென் மாநிலங்களையும் கிழக்கே சில மாநிலங்களையும் தன் வலையில் கொண்டுவந்தது. 2013 ஏப்ரலில் மும்பை சேர்ந்தது. மூன்று மையங்களும் பின்னர் நாடு முழுவதற்குமான ஒரே வலையாக இணைந்தன. இதை நடத்துவது என்பிசிஐ எனப்படும் தேசியப் பணப்பட்டுவாடா கழகம்.

கடைக்காரர் கிளையில் போட்ட காசோலைக்கு என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கிளையிலோ வங்கியின் மையத்திலோ அதை ஸ்கேனர் படிக்கிறது. மூன்று படங்கள் எடுக்கப்படுகின்றன: முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. எம்ஐசிஆர் எண்களும் தொகையும் தரவாகப் பதிவாகின்றன. இந்தத் தொகுப்புக்கு வங்கி தன் மின்னணுக் கையொப்பத்தை இட்டுக் கிளியரிங் மையத்துக்கு அனுப்புகிறது. வழியில் யாராவது ஓர் எண்ணை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும். மையம் அதைக் காசோலை கொடுத்தவரின் வங்கிக்குத் தள்ளுகிறது. அங்கே தேதி, தொகை, கையெழுத்து, கணக்கில் உள்ள இருப்பு ஆகியவை சரிபார்க்கப்பட்டு, 'கொடுக்கலாம்' அல்லது 'திருப்பு' என்ற பதில் வருகிறது. படத்தில் சந்தேகம் எழுந்தால் அந்த வங்கி அசல் காசோலையையே கேட்டு வாங்கிப் பார்க்கவும் சட்டம் உரிமை தருகிறது. பாஸ் ஆன காசோலையின் தாள், அதைப் பெற்ற வங்கியில் பத்து ஆண்டுகள் பாதுகாக்கப்படவேண்டும்.

ஒரே நாளில் பதில்

சிடிஎஸ் வந்த பிறகும் காசோலைகள் தொகுதி தொகுதியாகவே கையாளப்பட்டன. இன்று போட்டது நாளைக்குப் பாஸ் ஆகும் என்பதே நிலை. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி தொடர் கிளியரிங்கைக் கொண்டுவந்தது. வங்கி காசோலையைப் பெற்றதும் ஸ்கேன் செய்து, மற்ற காசோலைகளுக்காகக் காத்திராமல் உடனே அனுப்பவேண்டும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை அனுப்பும் நேரம் என்று தொடங்கப்பட்டது. கொடுத்தவரின் வங்கி அன்று இரவு 7 மணிக்குள் பதில் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தக் காசோலை ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கணக்கிடப்படும். வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்ந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் பணம் வாடிக்கையாளர் கணக்கில் ஏறவேண்டும். காசோலை வந்த மூன்று மணி நேரத்துக்குள் பதில் என்பது அடுத்த கட்டத்துக்கான திட்டம்.

கடைக்காரருக்கு இதனால் கிடைக்கும் லாபம் பெரிது. காலையில் காசோலையைப் போட்டுவிட்டு, மாலையில் கணக்கைப் பார்த்த பிறகு சரக்கை ஏற்றிவிடலாம். புது வாடிக்கையாளர், வெளியூர்க்காரர், வழக்கத்துக்கு மீறிய பெரிய தொகை ஆகிய மூன்றிலும் அந்த ஒரு நாள் காத்திருப்பது எந்தப் பாதுகாப்பையும்விட மலிவானது.

தாளைப் பார்க்கத் தெரிந்தால்

படத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கும் முறையில் தாளின் தரம் மிக முக்கியம். அதற்காக சிடிஎஸ்-2010 என்ற தர அளவு வகுக்கப்பட்டது. இந்தத் தரத்தில் அச்சான காசோலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 'சிடிஎஸ் இந்தியா' என்ற நீரெழுத்து தெரியும். நகல் எடுத்தால் மட்டும் துலங்கும்படி, செல்லாது எனப் பொருள்படும் எழுத்து அதன் முகத்தில் மறைவாக இருக்கிறது. புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மையில் வங்கியின் சின்னம் உண்டு. தொகைக் கட்டத்தில் ரூபாய்க் குறி அச்சாகியிருக்கும். இடது ஓரத்தில் அச்சகத்தின் பெயரோடு தர அளவின் பெயரும் இருக்கும்.

கல்லாவில் இருப்பவருக்கு இதில் அரை நிமிட வேலைதான். தாளை வெளிச்சத்தில் பிடித்து நீரெழுத்தைப் பார்க்கவேண்டும். பட்டையில் உள்ள ஊர் எண் காசோலையில் அச்சிட்ட கிளை முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். 641 என்று தொடங்கும் காசோலையில் சென்னைக் கிளையின் முகவரி இருந்தால் விசாரித்தாக வேண்டும். பெயர், தொகை, தேதி எல்லாம் ஒரே கையால் ஒரே மையில் எழுதப்பட்டிருக்கிறதா, எங்காவது சுரண்டல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றாக இருக்கவேண்டும். சட்டப்படி எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்றாலும், நடைமுறையில் வங்கிகள் அத்தகைய காசோலையைத் திருப்பிவிடும்.

அடித்துத் திருத்திய காசோலையை வாங்கவே கூடாது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற பழைய வழக்கம் 2010 டிசம்பர் 1 முதல் சிடிஎஸ்ஸில் எடுபடாது. தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு எந்தத் திருத்தம் இருந்தாலும் புதுக் காசோலைதான் வேண்டும். இடது மூலையில் இரண்டு கோடு போட்டு 'கணக்கில் மட்டும்' என்று எழுதிவிட்டால், தொலைந்தாலும் வேறொருவர் அதைக் காசாக்குவது கடினம். காசோலையின் ஆயுள் 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம்தான். அதற்கு முன் ஆறு மாதமாக இருந்தது. மேசை டிராயரில் மறந்துபோன காசோலை மூன்று மாதத்துக்குப் பிறகு வெறும் தாள்.

பாசிட்டிவ் பே

தாளில் எத்தனை காவல் இருந்தாலும் தொகையை மாற்றி எழுதும் மோசடியும் போலிக் காசோலையும் நின்றுவிடவில்லை. அதற்காக 2021 ஜனவரி 1 முதல் பாசிட்டிவ் பே முறை வந்தது. 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட காசோலை கொடுப்பவர், அதன் எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை வங்கியின் செயலி, இணையதளம், குறுஞ்செய்தி, ஏடிஎம் போன்ற ஏதாவது ஒரு வழியில் முன்கூட்டியே தெரிவிக்கிறார். காசோலையின் படம் வந்ததும் இரண்டும் ஒப்பிடப்படும். வித்தியாசம் இருந்தால் அது அங்கேயே பிடிபடும். 5 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட காசோலைகளுக்கு இதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி உண்டு.

பதிவு செய்யவேண்டியவர் காசோலை கொடுப்பவர்தான். ஆனால் அவர் செய்யாமல் விட்டால், கட்டாயமாக்கியிருக்கும் வங்கிகளில் காசோலை திரும்பும் தொல்லை வாங்கியவருக்கு வரும். எனவே பெரிய தொகைக்குக் காசோலை வாங்கும்போதே 'பாசிட்டிவ் பே போட்டாச்சா?' என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

இது காசோலையின் உண்மைத்தன்மையை மட்டும் உறுதி செய்கிறது என்பதை மறக்கக் கூடாது. கணக்கில் பணம் இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

அமெரிக்கக் கடைக்காரருக்குக் கிடைக்கும் உத்தரவாதம்

பணம் இல்லாத காசோலையின் நஷ்டத்தை வேறொருவர் ஏற்கும் வழி அமெரிக்காவில் உண்டு. 1964இல் ஹவாயில் தொடங்கிய டெலிசெக் போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலைச் செய்கின்றன. கடைக்காரர் காசோலையைக் கருவியில் படிக்கவிட்டதும், முன்பு காசோலை திரும்பியவர்களின் பதிவேட்டை நிறுவனம் பார்த்து 'வாங்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று சொல்லும். வாங்கலாம் என்று சொன்ன காசோலை திரும்பினால் கடைக்காரருக்கு நிறுவனமே பணம் கொடுத்துவிட்டு, கொடுத்தவரிடம் வசூலித்துக்கொள்ளும். அதற்குக் கட்டணம் உண்டு. சில கடைகளில் காசோலையின் எண்களைப் படித்து, அதை அங்கேயே மின்னணுப் பற்றாக மாற்றி, தாளை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுப்பார்கள்.

வங்கிகளுக்கிடையே படம் அனுப்பும் முறைக்கு அங்கே வேகம் கிடைத்தது 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. விமானங்கள் தரையிறக்கப்பட்டதால் காசோலை மூட்டைகள் ஊர் ஊராகத் தேங்கின. 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த செக்-21 என்னும் சட்டம், அசலுக்குப் பதிலாகப் படத்திலிருந்து அச்சிட்ட பிரதியையும் செல்லுபடியாக்கியது. இந்தியச் சில்லறைக் கடைகளில் உத்தரவாத நிறுவனம் என்ற பழக்கம் வேரூன்றவில்லை. இங்கே கடைக்காரருக்கு முக்கியப் பாதுகாப்பாக இருப்பது குற்றவியல் சட்டம்.

காசோலை ஏன் திரும்புகிறது

திரும்பும் ஒவ்வொரு காசோலையோடும் ஒரு ரிட்டர்ன் மெமோ வரும். அதில் காரணமும் அதற்கான குறியீட்டெண்ணும் இருக்கும். பணம் போதவில்லை என்பதற்கு 01. கையெழுத்து பொருந்தவில்லை, கணக்கு மூடப்பட்டது, கொடுத்தவர் நிறுத்தச் சொன்னார், தேதி வரவில்லை, காலாவதியானது, தொகையில் முரண் என்று காரணங்கள் நீளும். கடைக்காரர் மெமோ வந்ததும் முதலில் படிக்கவேண்டியது இந்தக் காரணத்தைத்தான். அடுத்து எந்தப் பாதையில் போகவேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

படம் தெளிவில்லை என்பது போன்ற தொழில்நுட்பக் காரணம் என்றால், வாடிக்கையாளரை அலையவிடாமல் வங்கியே 24 மணி நேரத்துக்குள், விடுமுறை நாள் நீங்கலாக, மறுபடி அனுப்பவேண்டும். வாடிக்கையாளர்மீது தவறு இல்லாதபோது திரும்பியதற்கான கட்டணத்தையும் அவரிடம் பிடிக்கக் கூடாது. தேதி முந்திப் போட்டதாலோ தொகை முரணாலோ திரும்பியிருந்தால் குற்ற வழக்குக்கு இடமில்லை. சரியான தேதியில் போடுவதோ புதுக் காசோலை வாங்குவதோதான் வழி. பணம் போதாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138 பொருந்தும்.

'பேமெண்ட்டை நிறுத்து' என்று வங்கிக்குச் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கை மூடிவிடுபவர்களும் உண்டு. கையெழுத்தை மாற்றிப் போடுபவர்களும் உண்டு. இவை எல்லாமே பணம் தராமல் இருப்பதற்கான வழிகளாக இருக்கும்போது பிரிவு 138க்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் தீர்ப்பளித்திருக்கிறது.

பிரிவு 138 சொல்வது

கொடுக்கவேண்டிய கடனுக்காகத் தந்த காசோலை பணமின்றித் திரும்பினால் அது குற்றம் என்ற விதி 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்து, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கடைக்காரருக்கு இருந்த வழி பெரும்பாலும் சிவில் வழக்குதான். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காசோலை திரும்பிய உடனே குற்றம் முழுமையாகிவிடுவதில்லை. நோட்டீஸ் கொடுத்து, கொடுத்தவருக்கு ஒரு கடைசி வாய்ப்புத் தந்து, அதையும் அவர் தவறவிட்டால்தான் வழக்கு. இதற்கான நாட்கணக்கைச் சட்டம் இறுக்கமாக வைத்திருக்கிறது. வலுவான வழக்குகள்கூடச் சரியும் இடம் இதுவே.

மதுரையில் ஒரு சிமெண்ட், கம்பிக் கடையை எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த கட்டட ஒப்பந்தக்காரர் 1,80,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, மார்ச் 10 தேதியிட்ட காசோலை கொடுக்கிறார். கடைக்காரர் அதை மே 2 அன்று போடுகிறார். மூன்று மாதத்துக்குள் என்பதால் செல்லும். மே 4 அன்று பணம் இல்லை என்ற மெமோ கைக்கு வருகிறது. அன்றிலிருந்து 30 நாட்களுக்குள், அதாவது ஜூன் 3க்குள், எழுத்தில் நோட்டீஸ் அனுப்பவேண்டும். மே 20 அன்று பதிவு அஞ்சலில் நோட்டீஸ் போகிறது. மே 23 அன்று ஒப்பந்தக்காரர் பெற்றுக்கொள்கிறார். பணம் கொடுக்க அவருக்கு 15 நாள் உண்டு. அது ஜூன் 7 அன்று முடிகிறது. அதுவரை பணம் வராவிட்டால் ஜூன் 8 அன்று வழக்குத் தொடுக்கும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், ஜூலை 8க்குள், குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் மனு கொடுக்கவேண்டும்.

வழக்குத் தொடுப்பதில் தாமதமானால், தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தின் மன்னிப்பைப் பெறலாம். நோட்டீஸின் 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. நோட்டீஸில் காசோலைத் தொகையைத் தெளிவாகக் கேட்கவேண்டும். வட்டி, வக்கீல் செலவு ஆகியவற்றைக் கேட்பதானால் தனியாகக் காட்டவேண்டும். எல்லாவற்றையும் கலந்து ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை எதிராளி வாங்க மறுத்தாலும் அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

கொடுத்தவர் 'அடுத்த வாரம் மறுபடி போடுங்க, பாஸ் ஆகிடும்' என்று கேட்பது வழக்கம். ஒருமுறை திரும்பி நோட்டீஸும் கொடுத்துவிட்டால், மறுமுறை போட்டுத் திரும்பியதற்காக வழக்குப் போட முடியாது என்று முன்பு ஒரு தீர்ப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன எம்எஸ்ஆர் லெதர்ஸ் எதிர் பழனியப்பன் வழக்கில், 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. காசோலை உயிரோடு இருக்கும் மூன்று மாதத்துக்குள் எத்தனை முறையும் போடலாம். எந்தமுறை திரும்பியதற்காகவும் நோட்டீஸ் கொடுத்து வழக்குத் தொடுக்கலாம். இரக்கப்பட்டு ஒரு வாய்ப்புக் கொடுத்த கடைக்காரர் அதனால் உரிமையை இழக்கவேண்டியதில்லை.

எந்த ஊரில் வழக்கு என்பதும் ஒரு காலத்தில் பெரிய சிக்கல். காசோலை கொடுத்தவரின் வங்கி உள்ள ஊரில்தான் வழக்கு நடக்கவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்படி மதுரைக் கடைக்காரர் கோயம்புத்தூருக்கு அலையவேண்டியிருக்கும். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதைத் திருப்பியது. காசோலையைக் கணக்கில் போட்டால், அந்தக் கணக்கு உள்ள கிளையின் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

நீதிமன்றத்தில்

கையெழுத்து தம்முடையது என்று கொடுத்தவர் ஒப்புக்கொண்டால், காசோலை கடனுக்காகவே தரப்பட்டது என்று சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு அவருடையது. பெயரோ தொகையோ எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்த காசோலையைப் பெற்றவர் நிரப்பியிருந்தாலும் இந்த அனுமானம் நிற்கும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 'செக்யூரிட்டிக்காகத்தான் கொடுத்தேன்' என்ற வாதமும் தானாக வெற்றி பெறாது. காசோலையைப் போட்ட நாளில் கடன் உண்மையில் பாக்கி இருந்ததா என்பதே கேள்வி.

ஆனாலும் இந்த அனுமானத்தை உடைக்க முடியும். கடன் இருந்ததற்கான அடிப்படையே இல்லை என்று எதிராளி சந்தேகம் எழுப்பினால், கடைக்காரரிடம் பில் இருக்கவேண்டும். ஜிஎஸ்டி பில், சரக்கு பெற்றதற்கான கையொப்பம், கணக்கேட்டில் அந்தப் பெயரில் உள்ள பாக்கி, வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சு ஆகியவையே அப்போது கைகொடுக்கும். பாதிப் பணம் வந்துவிட்ட பிறகு முழுத் தொகைக் காசோலையைப் போடுவது பெரிய தவறு. இடையில் வந்த தொகையைக் காசோலையின் மேலேயே குறித்து, மீதிக்கு மட்டும் போடவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மீதித் தொகைக்குப் புதிய காசோலை வாங்கிவிடுவது அதைவிடச் சுலபம். கம்பெனியின் காசோலை என்றால் கம்பெனியையும் சேர்த்தே வழக்கில் எதிரியாகக் காட்டவேண்டும். கையெழுத்துப் போட்டவரை மட்டும் சேர்த்தால் வழக்கு நிற்காது.

ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. 2019 இறுதியில் நாட்டில் தேங்கியிருந்த 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் குறிப்பிட்டது. காத்திருக்கும் கடைக்காரருக்கு ஓரளவு ஆறுதலாக 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. விசாரணை நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தால், விதிக்கப்பட்ட அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டும்படி கேட்கலாம்.

இந்தக் குற்றம் சமரசத்துக்கு உரியது. பணம் வந்துவிட்டால் எந்தக் கட்டத்திலும் முடித்துக்கொள்ளலாம். லோக் அதாலத்தில் இத்தகைய வழக்குகள் நிறையத் தீர்கின்றன. நோட்டீஸின் நாட்கள் தவறிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மூன்று ஆண்டு காலவரையறைக்குள் சிவில் வழக்குப் போடலாம். காசோலையை ஆதாரமாகக் கொண்ட பாக்கிக்குச் சுருக்கமுறை வழக்கு என்ற விரைவான வழியும் உண்டு.

காசோலைக்கு மாற்று

தவணை வியாபாரத்தில் பின்தேதியிட்ட காசோலைகளின் இடத்தை நாச் முறை பிடித்துவருகிறது. மாதாமாதம் இன்ன தேதியில் என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியை வாடிக்கையாளர் ஒருமுறை தந்துவிட்டால் போதும். தாள் சேர்த்துவைப்பதும், ஒவ்வொரு மாதமும் கிளைக்குப் போவதும், தேதி மறப்பதும் இல்லை. அனுமதி தந்தவர் கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினாலும் கடைக்காரர் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் பிரிவு 25, பணமின்றித் திரும்பும் மின்னணுப் பற்றையும் காசோலையைப் போலவே குற்றமாக்குகிறது. 30 நாளில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு மடங்கு வரை அபராதம் என்று எல்லாம் அதே வரிசைதான்.

ஒரே தடவையில் முடியும் பெரிய விற்பனைக்கு ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் ஆகிய மின்னணுப் பணமாற்று முறைகள் மேலும் பாதுகாப்பானவை. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் நாள் முழுதும், எல்லா நாளும் இயங்குகின்றன. அவற்றில் வந்த பணம் கணக்கில் பணம் இல்லை என்ற காரணத்தால் திரும்பிப் போகாது. கடனுக்குச் சரக்கு கொடுக்கும் வியாபாரத்தில் காசோலையோ நாச் அனுமதியோ தேவைப்படும் வரை, கடைக்காரர் வைத்திருக்கவேண்டிய கோப்பு ஒன்றுதான்: சரக்குக்கான பில், காசோலையின் இரு பக்கப் படம், போட்ட தேதி, மெமோ வந்த தேதி, நோட்டீஸ் அனுப்பிய ரசீது, அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி. மெமோ வந்த அன்றே அடுத்த 30ஆம் நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பவர், கணினியின் வேகத்தையும் சட்டத்தின் பலத்தையும் ஒருசேரத் தம் பக்கம் வைத்துக்கொள்கிறார்.